கூலி: கொடுக்கிற காசின் பேரா, வாங்குகிற ஆளின் பேரா?

#1 · கரிசல்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் முன்னோர் பற்றிய பழைய நேட்டால் (அங்கே இருந்த பிரிட்டிஷ் குடியேற்றம்) ஆவணங்களைத் தமிழில் பெயர்த்துத் தரச் சொல்லியிருக்கிறது. 1860-களின் தாள்கள். பக்கத்துக்குப் பக்கம் 'கூலி' வருகிறது: கூலிக் குடியேற்றம், கூலி ஏஜென்ட், இத்தனை கூலிகள் இறங்கினர் என்று. அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்தச் சொல்லைப் போடாதீர்கள், இங்கே அது வசவு."

எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் ஊரில் காட்டு வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்கள் "இன்னைக்குக் கூலி வாங்கியாச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்கிறார்கள். வள்ளுவர் சொன்ன சொல். அதை எப்படி வசவு என்று தள்ளுவது? இரண்டு கேள்வி. ஒன்று, கடல் தாண்டிய 'கூலி'யும் நம் கூலியும் ஒன்றேதானா? இரண்டு, மொழிபெயர்ப்பில் என்ன போடுவது?

#2 · சும்மா_வந்தேன்

நகைக்கடை வாசலில் "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்கும் மன்னிப்புக் கேட்கச் சொல்லலாமா? :)

#3 · அகராதிப்பித்தன்

சும்மா_வந்தேன் கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. செய்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிக்கூலி, தையல்கூலி, அச்சுக்கூலி, நாட்கூலி. இதில் ஒன்றாவது ஆளைக் குறிக்கிறதா? எல்லாம் காசு, அல்லது காசுக்குப் பதிலாக அளக்கும் நெல். ஆளைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் இன்னொரு சொல்லை ஒட்டும்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. அடியாளைச் சொல்லும்போதுகூட 'கூலிப்படை' என்கிறோம், வெறும் கூலி என்பதில்லை.

குறள் 619 எல்லோருக்கும் மனப்பாடம்:

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

இங்கே கூலி என்பது உடம்பை வருத்தினதற்கு ஈடாக வருவது. கொடுப்பது முதலாளிகூட இல்லை, முயற்சி. 'ஆள்வினையுடைமை' என்ற அதிகாரத்தில் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இழிவின் நிழல்கூட அதன் மேல் விழவில்லை.

தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு எல்லாவற்றிலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. ஆகவே தென்னாட்டு வேர் பற்றிச் சந்தேகம் இல்லை.

கடல் தாண்டியது இதுதானா என்பதில்தான் சண்டை. யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று, மேற்குக் கரையில், குஜராத் பக்கம் வாழும் கோலி மக்களின் பேர். இன்னொன்று நம் கூலி. தொகுத்தவர்கள் கோலி பக்கம் சாய்ந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். கூலி என்ற சொல் நாள் முழுக்கக் காதில் விழுந்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு குஜராத்துக்குப் போனார்கள்!

#4 · கரிசல்காட்டான்

பித்தன் சார், அப்படியானால் கோலி என்பதைத் தள்ளிவிடலாமா?

#5 · அகராதிப்பித்தன்

தள்ள மாட்டேன். 'எல்லாம் தமிழே' என்று முடித்துவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. கோலி வாதத்தின் பலம் காலமும் இடமும். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே மேற்குக் கரையில் நிலைத்துவிட்டார்கள். அவர்கள் அந்த மக்களை முதலில் ஒரு கூட்டத்தின் பேராகத்தான் கேட்டார்கள், வேலைக்காரர் என்றல்ல. பலவீனம் ஒலி. கோலியில் ஓகாரம், கடைசி எழுத்து நம் 'ளி' மாதிரி நா மடங்கும் ஒலி. அது 'கூலி' ஆக வேண்டுமானால் நடுவில் யாராவது தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டது தென்னாட்டுக் கூலியாக இருக்கலாம் என்பது என் கட்சி. கப்பல்காரன் வடக்கே ஒரு பேரைக் கேட்கிறான், தெற்கே வந்தால் ஏறக்குறைய அதே ஒலியில் 'கூலி, கூலி' என்று சுமை தூக்க வருபவர்கள் கேட்கிறார்கள். அவன் காதுக்கு இரண்டும் ஒன்று. ஒன்றின் உடம்பில் மற்றதன் பொருள் ஏறிக்கொண்டது.

கூலம் (தானியம்) என்பதிலிருந்து கூலி வந்தது என்று சிலர் சொல்வார்கள், தானியமாக அளந்ததால். கேட்க நன்றாயிருக்கிறது. 'சம்பா + அளம் = சம்பளம்' என்று மேடையில் சொல்வார்களே, அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

#6 · நெல்லுமூட்டை

நான் கீழத்தஞ்சைக்காரன். அகராதி எனக்குத் தெரியாது, வயல் தெரியும். கூலி என்றால் கடைசிப் படி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அதற்குக் கீழே இன்னும் படி இருந்தது.

பண்ணையாள் என்று ஒரு நிலை. ஒரு மிராசுதாரிடம் குடும்பத்தோடு கட்டுண்டவர். குடிசை போட்ட மனை அவருடையது, வாங்கிய கடன் அவருடையது, வேறு வயலில் போய் வேலை செய்ய முடியாது. நாள்தோறும் படி அளப்பார்கள், அறுப்பில் களத்தில் கொஞ்சம் கிடைக்கும். கூலியாள் என்பவர் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. வேலை இல்லாத நாளில் பட்டினி, அதை மறைக்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போகலாம், "நாளைக்கு வரமாட்டேன்" என்று சொல்லலாம். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை ஒட்டியும், சங்கம் வளர்ந்த பிறகும் நிறையப் பேர் பண்ணையாளாக இருந்து கூலியாள் ஆனார்கள். அது அவர்களுக்கு ஏற்றம்தான்.

அந்தச் சொல்லுக்காகத்தான் உயிரும் போயிருக்கிறது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்ததற்குப் பின்னால் இருந்தது கூலிப் பிரச்சினை, படிக்கணக்கு நெல். செங்கொடிச் சங்கம் கேட்டது "கூலி உயர்வு". யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்படவில்லை.

#7 · கல்வெட்டுக்கண்ணன்

நெல்லுமூட்டை ஐயா சொன்னதற்கு ஒரு படி இன்னும் கீழே போகிறேன். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று திரும்பத் திரும்ப வரும். ஊருக்கோ அரசுக்கோ ஊதியம் இல்லாமல் செய்து தீர வேண்டிய உடலுழைப்பு, வரி மாதிரியே விதிக்கப்பட்டது. அமஞ்சி என்றும் ஒன்று, அதுவும் இந்த வகைதான். 'வெட்டி வேலை', 'வெட்டிப் பேச்சு' என்று இன்று நாம் சொல்வதில் பாக்கி இருப்பது அதுதான்: செய்தால் கையில் ஒன்றும் நிற்காது.

ஆகவே கூலிக்கு எதிர்ப்பதம் சம்பளம் இல்லை, வெட்டி. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கூலி என்ற சொல்லில் ஓர் உரிமை இருக்கிறது: செய்தேன், கொடு.

#8 · சும்மா_வந்தேன்

அப்போ இந்த இழையில் நான் பார்க்கிறது வெட்டியா கூலியா?

#9 · இழைக்காவல்

வெட்டி. நடுவர்களுக்கும் அதேதான். தலைப்புக்கு வாருங்கள்.

#10 · கப்பல்சங்கு

கரிசல், உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வேரில் இல்லை, பயணத்தில் இருக்கிறது. அந்தச் சொல் கடலில் என்ன ஆனது என்று வரிசையாகப் பார்த்தால் அந்தக் குடும்பம் ஏன் முகம் சுளிக்கிறது என்று புரியும்.

1834 ஆகஸ்டில் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை சட்டப்படி முடிகிறது. கரும்புத் தோட்டம் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலிருந்து மொரீஷியசுக்கு ஒப்பந்தத்தில் ஆள் இறங்குகிறது. 1838-ல் பிரிட்டிஷ் கயானா, 1845-ல் டிரினிடாட். நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ', சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. உங்கள் கையில் இருக்கும் தாளில் இதெல்லாம் இருக்கும்.

இந்தப் பேரேட்டில்தான் சம்பளத்தின் பேர் ஆளின் பேரானது. தோட்டக்காரனுக்கு வேண்டியது முனியம்மாவோ வீராசாமியோ அல்ல, இத்தனை உருப்படி உழைப்பு. ஐந்தாண்டு ஒப்பந்தம், மீறினால் சிறை. 'இன்றைக்குப் பிடிக்கவில்லை, நாளைக்கு வரமாட்டேன்' என்று சொல்ல முடியாத இடத்தில், நெல்லுமூட்டை சொன்ன கூலியாளின் அந்த ஒரே சுதந்திரமும் போய்விட்டது. பேர் மட்டும் கூலி.

இன்னும் போகிறது. ஒப்பந்தம் முடிந்து கடை வைத்தவனும் கூலி. சொந்தக் காசில் கப்பலேறி வந்த குஜராத்தி வணிகரும் 'கூலி வியாபாரி'. 1893-ல் வழக்குக்காகப் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'. அவர் தம் தன்வரலாற்றிலேயே இதை எழுதியிருக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் ஒதுங்கி வாழ்ந்த சேரிக்குப் பேர் 'கூலி லொகேஷன்', 1904-ல் பிளேக் வந்து அதையே கொளுத்தினார்கள். 1885-ன் டிரான்ஸ்வால் (ஜோகன்னஸ்பர்க் பகுதி) சட்டம் எண் 3 இன்னும் வெளிப்படை. ஆசிய இனத்தார் யார் யார் என்று சொல்லும்போது 'கூலிகள் எனப்படுவோர்', அரபுகள், மலாய்க்காரர், துருக்கி ஆட்சிக்குட்பட்ட முகமதியர் என்று பட்டியல் போடுகிறது. குடியுரிமை கிடையாது, நிலம் வாங்கக் கூடாது. இந்தப் பட்டியலில் கூலி எங்கே நிற்கிறது பாருங்கள், அரபுக்கும் மலாய்க்கும் பக்கத்தில். இங்கே அது தொழிலின் பேரே இல்லை, இனத்தின் பேர்.

அமெரிக்காவில் இதே சொல் சீனர் மேல் ஒட்டியது. கலிபோர்னியாவில் 1862-ல் 'கூலி எதிர்ப்புச் சட்டம்' என்றே ஒன்று போட்டுச் சீனத் தொழிலாளரிடம் மாத வரி வாங்கினார்கள்.

#11 · அகராதிப்பித்தன்

காந்தி பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். அதே தன்வரலாற்றில் 'சாமி' பற்றியும் இருக்கிறது. முனுசாமி, ராமசாமி, குப்புசாமி என்று தமிழர் பேரெல்லாம் சாமியில் முடிவதைப் பார்த்து வெள்ளையர் எல்லா இந்தியரையும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள், கேவலமாக. சாமி என்றால் எஜமான் என்று பொருள். காந்தி எழுதுகிறார், சில இந்தியர்கள் திருப்பிக் கேட்பார்களாம்: நீ என்னைச் சாமி என்கிறாய், நான் உனக்கு எஜமான் இல்லையே!

வசவு சொல்லில் இல்லை, சொல்லுகிற வாயில்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தெய்வத்தின் பேரையே வசவாக்க முடிந்தவர்களுக்குக் கூலி எம்மாத்திரம்.

#12 · ஈப்போக்காரர்

மலேசியாவிலிருந்து. மலாயில் 'கூலி' சாதாரணச் சொல்தான், சுமை தூக்குபவர், கட்டட வேலையாள். மரியாதைச் சொல் என்று சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவில் பத்திரிகையாளர்கள் தங்களையே கேலியாகக் 'கூலி திந்தா' என்பார்கள், திந்தா என்றால் மை. மைக்கூலி!

சீனர்கள் இதை எழுதும் விதம் எனக்கு எப்போதும் மலைப்பு. ஒலிக்காக இரண்டு எழுத்தைத் தேர்ந்தார்கள், குலி என்று வாசிக்கலாம். முதல் எழுத்துக்குப் பொருள் கசப்பு, இரண்டாவதற்கு வலு. இரவல் வாங்கிய சொல், எழுதிய கை தன் வலியையும் சேர்த்து எழுதிவிட்டது. சீன நண்பர்கள் பலர் இது அவர்கள் சொந்தச் சொல் என்றே நம்புகிறார்கள்.

#13 · கொழுந்துக்கூடை

நான் இலங்கை அட்டன் பக்கம், தோட்டத்தில் பிறந்தவள். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன்மார் எல்லாம் சொல் நல்ல சொல், வாய்தான் கெட்டது என்கிறீர்கள். அது அவ்வளவு லேசாக முடிகிற கதை இல்லை.

இலங்கைக்கு வந்தவர்கள் கப்பல் ஒப்பந்தத்தில் வரவில்லை, கங்காணியோடு வந்தார்கள். ஊரிலேயே முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவார்கள். அந்தக் கடன் தோட்டத்துக்கும் கூடவே வரும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும்: இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு. ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினார்கள் என்பார்கள். 1921-ல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். கடைசிக் கட்டம் வரை அவர்கள் கணக்கில் நாங்கள் கூலி. நாங்கள் இருந்த வரிசை அறை 'கூலி லயன்'. துரைமார் படிக்கத் தமிழ் கைநூல் போட்டார்கள், ஒன்றின் பேரே 'கூலித் தமிழ்'. இன்னொன்றின் தலைப்பு 'இங்கே வா'. எங்கள் மொழியில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஏவல் மட்டும் என்று அந்தத் தலைப்பே சொல்லும்.

இப்போது நான் சொல்ல வந்தது. எங்கள் பக்கம் தோட்டத்து ஆட்கள் 'கூலி' என்று சொல்வதே குறைவு. 'சம்பளம்' என்போம், 'நாட்சம்பளம்' என்போம். 2021-ல் 1000 ரூபாய் ஆனது வரைக்கும் நடந்த போராட்டம் எல்லாம் 'சம்பள உயர்வு'தான், கீழத்தஞ்சை மாதிரி 'கூலி உயர்வு' இல்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? ஆளின் மேல் ஒட்டிய சொல்லைத் திரும்பக் காசுக்கு ஒட்ட எங்களுக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடம்) நின்று, கொழுந்தெடுத்து, நிறுத்து, செக்ரோலில் (வருகைப் பதிவேடு) பேர் ஏறினால் அன்றைக்கு ஒரு 'பேர்'. குறித்த கிலோ எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. "இந்த மாசம் எத்தனை பேர் விழுந்திருக்கு?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் "அரைப்பேர்தான் போட்டான்" என்று சொல்வார்கள். கப்பல்சங்கு அண்ணன் சொன்ன பேரேட்டில் சம்பளம் ஆளின் பேரானது. எங்கள் செக்ரோலில் ஆளின் பேரே சம்பளமானது.

#14 · கரிசல்காட்டான்

அரைப்பேர். தங்கச்சி, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

#15 · அகராதிப்பித்தன்

கொழுந்துக்கூடை, ஒப்புக்கொள்கிறேன், #11-ல் நான் முடித்த விதம் வக்கீல் வாதம். 'பேர்' பற்றி ஒன்று: தமிழ்நாட்டிலும் 'நாலு பேர்', 'பத்துப் பேர்' என்று ஆளை எண்ணுகிறோம், பேர் என்றாலே ஆள். அதை நாளாக்கி, நாளைப் பாதியாக்கியது தோட்டம் மட்டும்தான்.

#16 · சிவப்புத்துண்டு

தோழர்களே, இந்த இழை முழுக்க ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. தொழிலாளி என்ற சொல் எதற்கு வந்தது? 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது அவர் கட்சியின் பேரில் இருந்தது 'லேபர்', 'கிசான்', அவர் நடத்திய தமிழ் ஏடு 'தொழிலாளன்'. 'கூலி' இல்லை. கூலியை வாங்குபவன் என்பது முதலாளி பக்கத்திலிருந்து பார்ப்பது. தொழிலை ஆள்பவன், பாடு படுபவன் என்பது அவன் பக்கத்திலிருந்து பார்ப்பது. தொழிலாளி, பாட்டாளி என்று போடுங்கள், சண்டை தீர்ந்தது.

#17 · சும்மா_வந்தேன்

பாட்டாளின்னா பாட்டுப் பாடுறவர்னு ஸ்கூல்ல எழுதி அடி வாங்கியிருக்கேன்.

#18 · கல்வெட்டுக்கண்ணன்

வீடு வீட்டு, நாடு நாட்டு, பாடு பாட்டு. இலக்கணப்படி உங்கள் வாத்தியார் அடித்தது அநியாயம்தான், இரண்டு பிரிப்புக்கும் வழி இருக்கிறது.

சிவப்புத்துண்டு தோழருக்கு: ரயில் நிலையங்களில் 2016 ரயில்வே பட்ஜெட்டில் கூலி என்பதைச் 'சகாயக்' என்று மாற்றினார்கள். சுமையின் எடையோ வருமானமோ அதனால் மாறவில்லை. சென்னையில் ஏற்கெனவே 'போர்ட்டர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போதும் அப்படித்தான். மொரீஷியசில் 'கூலி காட்' என்று இருந்த படித்துறை 'ஆப்ரவாசி காட்' ஆனது, குடியேறியவர் துறை என்று பொருள். 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அந்தப் பேரில்தான். அங்கே பேரை மாற்றியது இறங்கியவர்களின் பேரன் பேத்திகள், அதனால் அதை இதோடு சேர்க்கமாட்டேன்.

#19 · கப்பல்சங்கு

கரிசலின் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. என் யோசனை இது.

ஆவணத்தில் உள்ள பதவிப் பேர், சட்டப் பேர், துறைப் பேர் ஆகியவற்றை மாற்றாதீர்கள். கூலி ஏஜென்ட் என்றால் 'கூலி ஏஜென்ட்', ஒற்றை மேற்கோளுக்குள். அதை அழகாக்கினால் 1872 புரியாமல் போய்விடும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் சென்னையில் புகார் சொன்னதால் அந்த ஆண்டு நேட்டாலில் கூலி கமிஷன் ஒன்று உட்கார்ந்தது. அதன் பிறகு அந்தப் பதவி 'இந்தியக் குடியேறிகளின் காப்பாளர்' ஆனது. அந்தக் கால அதிகாரிகளுக்கே அந்தச் சொல் உறுத்தியிருக்கிறது என்பதற்கு இது தடயம். நீங்கள் 1860-லேயே 'தொழிலாளர் அலுவலர்' என்று போட்டுவிட்டால் அந்த உறுத்தல் எங்கே தெரியும்?

உங்கள் சொந்த வாக்கியங்களில், அடிக்குறிப்பில், முன்னுரையில் 'ஒப்பந்தத் தொழிலாளர்'. பேர் தெரிந்த இடத்தில் பேர்.

#20 · கொழுந்துக்கூடை

எனக்குச் சம்மதம். ஒரு திருத்தம் மட்டும். "இத்தனை கூலிகள் இறங்கினர்" என்று வரும் இடத்தில் மேற்கோள் போட்டு விட்டுவிடாதீர்கள். 'இத்தனை பேர்' என்று போடுங்கள். அது பதவிப் பேர் இல்லை.

#21 · கப்பல்சங்கு

மூலத்தில் உள்ளதை மாற்றுவதாகாதா?

#22 · கொழுந்துக்கூடை

மூலம் பக்கத்தில் அச்சாகத்தானே போகிறது? இங்கிலீஷில் வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளட்டும். வாசிக்கப் போவது அந்த வீட்டுப் பிள்ளைகள்.

#23 · கரிசல்காட்டான்

பட்டியலில் 'இத்தனை பேர்' என்றே போடுகிறேன். 'கூலி ஏஜென்ட்' மேற்கோளோடு நிற்கும், 1872 பற்றி ஒரு குறிப்பு சேர்க்கிறேன். குடும்பத்துக்கு இரண்டையும் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் முடிப்பேன்.

இன்னொரு தாளில் ஊர்ப் பேர் 'சிற்றூர்' என்றா 'சித்தூர்' என்றா என்று பிடிபடவில்லை, ஜில்லா வட ஆர்க்காடு என்று இருக்கிறது. அந்தக் காலத்து வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர்தான் என்பது தெரியும், ஆனால் தாலுகா வேறாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் தனி இழையில் கேட்கிறேன், வாருங்கள்.